தூக்காத தூக்கி

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் பராமரிப்பு நடந்த ஒரு நாள், மொட்டைமாடி இயந்திர அறையை எட்டிப் பார்த்தேன். கிரீஸ் மினுங்கும் எஃகு வடங்கள் சக்கரத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு முனையில் பெட்டி, மறுமுனையில் எடைக்கட்டு. பெட்டி சும்மா தொங்குகிறது, வடம்தான் தூக்குகிறது. ‘மின்தூக்கி’ என்று பெயர் வைத்தவரை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பூமியிலிருந்து வடம் வழியாக விண்வெளிக்கு ஏறும், இன்னும் யோசனையாகவே உள்ள ‘விண்வெளி மின்தூக்கி’ என்னும்போது அந்த மெச்சல் செல்லாது. அங்கே வடம் அசைவதே இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து 36,000 கிலோமீட்டருக்கும் அப்பால் நீளும் வடம் நின்றபடி நிற்க, வண்டிதான் அதைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். தூக்க ஆளில்லாத இடத்தில் தூக்கி எப்படி வந்தது?

முதலில் இருந்தது கோபுரம். 1895-இல் ரஷ்யாவின் த்சியோல்கோவ்ஸ்கி, ஈஃபிள் கோபுரத்தை மனத்தில் வைத்து, வானை எட்டும் கோபுரமொன்றைக் கற்பனை செய்தார். கோபுரமென்றால் பாரமெல்லாம் அடித்தளத்தில் இறங்கும். அவ்வளவு உயரத்தைத் தாங்கும் பொருள் ஏது?

1960 ஜூலை 31 அன்று ‘கம்சமோல்ஸ்கயா பிராவ்தா’ நாளிதழில் லெனின்கிராட் பொறியாளர் யூரி அர்த்சுத்தானொவ் அதைத் தலைகீழாக்கினார். பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோளிலிருந்து கீழ்நோக்கி வடத்தை இறக்குவது, அதைச் சமன்செய்ய எதிர்ப்புறமும் நீட்டுவது. கட்டுரைத் தலைப்பு, ‘விண்வெளிக்கு மின்ரயில் எஞ்சினில்’. அவர் ஆண்ட ரஷ்யச் சொல் ‘எலெக்த்ரவோஸ்’. பின்பாதியான ‘வோஸ்’, வண்டியில் ஏற்றிச் செல்வதைக் குறிக்கும் வேர். தண்டவாளம் கிடக்கிறது, எஞ்சின் ஓடுகிறது. வைத்த பெயர்களிலேயே சரியானது இதுதான் என்பேன். அதுதான் நிலைக்கவில்லை.

1966-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஐசக்ஸ் உள்ளிட்ட நான்கு அமெரிக்கர்கள் இதே யோசனையைத் தாமாகக் கண்டு எழுதினார்கள். அவர்கள் சூட்டியது ‘ஸ்கை-ஹூக்’. எதிலும் மாட்டாமல் வானத்திலேயே தொங்கும் கொக்கி என்று, இல்லாத பொருளைக் கேலியாகச் சொல்லும் வழக்கு அது. ஐசக்ஸ் கடலாய்வாளர், கடலுக்குள் வடம் இறக்கும் துறைக்காரருக்குக் கோபுரத்தைவிடக் கொக்கி முதலில் தோன்றியதில் வியப்பில்லை. மறு ஆண்டே, இது பழைய யோசனை என்று ரஷ்யத் தரப்பிலிருந்து அதே இதழில் கடிதம் வந்தது. 1975-இல் ஜெரோம் பியர்சன் ‘சுற்றுப்பாதைக் கோபுரம்’ என்றார். மறுபடியும் கோபுரம்!

1979-இல் இரண்டு நாவல்கள். சார்ல்ஸ் ஷெஃபீல்டு அதை அவரைக்கொடி ஆக்கினார், மந்திர விதையிலிருந்து வான்வரை வளரும் அந்த ஆங்கிலக் கதைக் கொடி. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், சிவனொளிபாதமலையைச் சாயலாகக் கொண்ட மலையுச்சியில் தன் வடத்தை ஊன்றினார். அதற்காகக் கதையில் இலங்கையையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்திவிட்டார். அதே ஆண்டு அவர் அளித்த ஆய்வுரையின் தலைப்பில் இருந்தது ‘ஸ்பேஸ் எலிவேட்டர்’.

எலிவேட்டரின் லத்தீன் வேர் ‘லெவிஸ்’. பொருள்: கனமில்லாதது. உயர்த்துவது என்றால் லத்தீன் பேசியவர்களுக்கு இலேசாக்குவது. வடத்தில் ஏறுகிறவருக்கு உயர உயர எடை குறைந்து, 36,000 கிலோமீட்டர் அருகே சுழியாகிவிடும். செயலைத் தவறாகச் சொன்ன பெயர், வேரில் சரியாகச் சொல்லியிருக்கிறது.

தமிழில் நாம் தூக்குவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். என்னைக் கேட்டால் ‘நூலேணி’ என்றிருப்பேன்: மேலிருந்து தொங்கும், தான் அசையாது, ஏறுபவரே ஏற வேண்டும். எடை குறைவது மட்டும் அதில் வராது.