திரவ நைட்ரஜனில் ஒளிந்திருந்த விடை

ஆல்கீனோடு ஹைட்ரஜன் சேரும் வினையைப் படிவம் 5 மாணவர்கள் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ஆனால், ஹைட்ரஜனின் இரண்டு அணுக்களும் ஜோடியாகப் போகின்றனவா, பிரிந்து தனித்தனியாகப் போகின்றனவா? இதற்கு விடை தேடிய கதையைப் பார்ப்போமா?

மூலக்கூறுகளைக் கண்டறிய அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி உதவும். ஆனால், அதன் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அறை வெப்பநிலையில், 9.4 டெஸ்லா காந்தப்புலத்தில்கூட, 1 லட்சம் ஹைட்ரஜன் அணுக்கருக்களில் சுமார் 3 மட்டுமே சமிக்ஞைக்குப் பயன்படும். மற்றவை ஒன்றையொன்று சமன் செய்துவிடும். நொடியில் வந்து மறையும் இடைநிலைப் பொருள் அதில் எப்படித் தெரியும்?

1980களில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஐசன்பெர்க் குழுவினர் ரோடியம் சேர்மத்தைக் கொண்டு இவ்வகை வினையை ஆராய்ந்தனர். சில சமிக்ஞைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக வந்தன. சில மேல்நோக்கி, சில கீழ்நோக்கி! தனி எலக்ட்ரான் கொண்ட உறுப்புகள் அப்படிக் காட்டும் என்பது 1967இலேயே தெரிந்த செய்தி. ஆகவே, 'அணுக்கள் தனித்தனியாகப் போகின்றன' என்று 1986இல் விளக்கம் எழுதினார்கள்.

அதே ஆண்டில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பவர்ஸ், வெய்ட்கேம்ப் இருவரும் வேறொரு கணிப்பை வெளியிட்டனர். இரண்டு அணுக்கருக்களின் சுழற்சியும் எதிரெதிராக இருக்கும் ஹைட்ரஜனுக்குப் பாராஹைட்ரஜன் என்று பெயர். அது தனியாகச் சமிக்ஞை தராது. வினையில் அதன் இரு அணுக்களும் ஒரே மூலக்கூறின் வெவ்வேறு சூழலுள்ள இடங்களில் ஜோடியாகச் சேர்ந்தால், சமிக்ஞை பன்மடங்கு பெருகும். 1987இல் அதைச் சோதனையிலும் நிரூபித்தார்கள்.

அப்படின்னா, ரோச்செஸ்டரில் பாராஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? அங்கே மாதிரிக் குழாய்களைத் திரவ நைட்ரஜனில் வைத்திருந்தார்கள். அறை வெப்பநிலையில் 25% இருக்கும் பாராஹைட்ரஜன், அந்தக் குளிரில் ஏறக்குறைய 50% வரை கூடும். குழாய்க்குள் இருந்த சேர்மமே அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. பாதுகாப்பாக வைத்த இடமே முடிவை மாற்றிவிட்டது!

விடையும் தலைகீழானது. பிரிந்து போவதற்குச் சான்று என்று நினைத்த சமிக்ஞை, சேர்ந்து போவதற்கே சான்று. 1987இல் ஐசன்பெர்க் குழுவினரே திருத்தி எழுதினார்கள். 1967இல் அந்தப் பழைய விளைவைக் கண்டவர்களில் பார்கோன், லாலர் இருவரும் இந்தக் கட்டுரையிலும் பங்கேற்றனர்.

மாணவர்களே, அவர்கள் கண்ட சமிக்ஞை பொய்யில்லை, விளக்கம்தான் பிழை. ஆகவே, ஆய்வறிக்கை எழுதும்போது மாதிரியை எங்கே, எந்த வெப்பநிலையில் வைத்தீர்கள் என்பதையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.