வாவிக்கரையின் வரவும் செலவும்: உள்ளூராட்சிப் பணமும் அனர்த்த நிவாரணமும்

மட்டக்களப்பு நகரின் வடகிழக்கில் வாவியை ஒட்டிக் கிடக்கும் அமிர்தகழியை வெளியூர் மக்கள் மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாலும் அறிவார்கள். 'கழி' என்பது உப்புநீர் ஏறி இறங்கும் தாழ்வான நீர்நிலையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மட்டிக்கழி, அமிர்தகழி என்று அருகருகே இரண்டு ஊர்கள் அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கின்றன. நிலத்தின் இயல்பு பெயரிலேயே இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பாலமீன்மடு. அதற்கப்பால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம்.

காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் அமிர்தகழி பக்கத்து ஊர். கல்முனை, அக்கரைப்பற்று வாசகர்களுக்கும் அது அந்நியமில்லை. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை நாமெல்லோரும் ஒரே கச்சேரியின் கீழ் இருந்தவர்கள்தானே. இந்த ஊரை முன்வைத்து நான் எழுத நினைப்பது ஒரு கணக்கு விவகாரம். கரையோரத்து மக்களை நீர் அடிக்கடி சூறையாடியிருக்கிறது. அதே காலத்தில் அவர்களுடைய உள்ளூர்ச் சபைகளின் பணம் எதற்குப் போனது, நிவாரணத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது, இரண்டும் ஏன் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை என்பதே கேள்வி.

ஒரே பருவத்தில் இரண்டு காரியம்

இப்பகுதியைத் தாக்கிய பெரிய அனர்த்தங்களின் திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1957 டிசம்பர் பெருவெள்ளம். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி. 2004 டிசம்பர் 26 கடற்கோள். 2011 ஜனவரி வெள்ளம். கடற்கோளுக்குப் பருவமில்லை, அது அந்த மாதத்தில் வந்தது தற்செயல். மற்ற மூன்றும் வடகீழ்ப் பருவக்காற்றின் பிள்ளைகள். நவம்பர் கடைசிக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில்தான் இங்கே பயம்.

உள்ளூராட்சி மன்றங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை வருடக் கடைசியில்தான் சபையில் வைத்து நிறைவேற்றுவார்கள். வெளியே வடிகான் நிரம்பி வழியும் நாட்களில் உள்ளே அடுத்த வருடக் காசைப் பிரிப்பார்கள் என்று பொருள். அப்படியிருந்தும் வெள்ளம் அந்தத் தாள்களுக்குள் நுழைவது அபூர்வம். எங்கள் பகுதிச் சபையொன்றின் திட்டத்தை நான் முழுதாக வாசித்ததுண்டு. வரவேற்பு, விழா, வாகனத் திருத்தம், நினைவுச்சின்னம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தலைப்பு இருந்தது. அனர்த்தத்துக்கு இருந்தது பெயருக்கு ஒரு வரி.

1978 கற்றுத்தந்தது

எங்கட வீட்டில் மூத்தவர்கள் வயசு சொல்வதே சூறாவளியை வைத்துத்தான். "சூறாவளிக்கு முதல் பிறந்தவன்", "சூறாவளி அடிச்ச வருசம் கலியாணம் முடிச்சவ" என்பார்கள். 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். சுமார் இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமாயின. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி, ஏறக்குறைய 28,000 ஏக்கர், ஒரே இரவில் விழுந்தது. மீன்பிடி வள்ளங்களில் ஐந்திலொன்று போயிற்று. நெற்களஞ்சியங்களும் உடைந்தன.

நிவாரணத்துக்கு அரசாங்கம் செலவிட்ட தொகை 600 மில்லியன் ரூபாவுக்கு மேல் என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பணம் கொழும்பிலிருந்து கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து கிராம சேவகருக்கும், அவர் எழுதிய பட்டியலின்படி குடும்பங்களுக்கும் வந்தது. மட்டக்களப்பு 1967இலேயே மாநகர சபையாகியிருந்தும் இந்தப் பாதையில் அதற்குப் பெரிய இடமில்லை.

இதற்குக் காலனித்துவ காலத்து வேர் உண்டு. ஆங்கிலேயர் நிர்வாகத்தில் பஞ்சமும் வெள்ளமும் அரசாங்க அதிபரின் பொறுப்பு. உள்ளூர்ச் சபைகளுக்கு விட்டது வீதி, விளக்கு, சந்தை, துப்புரவு. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் பெரும்பாலும் அந்தப் பிரிவினையின் மேலேயே நிற்கின்றன. மக்கள் தெரிவு செய்த சபை றோட்டுப் போடும். மக்கள் தெரிவு செய்யாத அதிகாரி அரிசி கொடுப்பார். வெள்ளத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு சபைக்கு இல்லாதபோது, வெள்ளத்துக்குப் பணம் ஒதுக்கும் அவசரமும் அதற்கு வரவில்லை.

முகத்துவாரம் வெட்டுதல்

இந்த வாவியின் நீளம் 50 கிலோமீற்றருக்கும் மேல். கடலோடு தொடுக்கும் வாய்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடுப் பக்கம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல் திரண்டு வாய் அடைபடும். மாரியில் மேற்குக் காடுகளின் தண்ணீரெல்லாம் வாவிக்கு வந்துசேரும். வாயை உரிய நேரத்தில் வெட்டிவிடாவிட்டால் படுவான்கரையில் பெரும்போக வயல் அழுகும். எழுவான்கரையில் வளவுகளுக்குள் தண்ணீர் ஏறும். நேரத்துக்கு முந்தி வெட்டினால் வாவி வற்றி மீனும் இறாலும் போய்விடும் என்று மீனவர் சொல்வார்கள். விவசாயிக்கும் மீனவருக்கும் இடையிலான இந்த வழக்கு மிகப் பழையது. தீர்ப்புச் சொல்லும் இடம் அன்றும் இன்றும் கச்சேரிதான்.

பெரிய வாயை வெட்டினாலும் ஊருக்குள் நிற்கும் தண்ணீர் வாவிக்குப் போகச் சின்ன வழிகள் வேண்டும். வடிகான், மதகு, தோணா. இவை சபையின் பொறுப்பு. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் மட்டக்களப்பு. அந்த அளவு மழையை எந்த வடிகானும் தாங்காது என்பது உண்மை. ஆனால் சாதாரண மாரி மழைக்கே வளவுக்குள் தண்ணீர் ஏறும் ஊர்களில் குற்றத்தை மழைமேல் போட முடியாது. வளவைவிட உயரமாகக் கொங்கிரீட் வீதி போட்டு, பக்கத்தில் கானை மறந்து, வீதித் தலைப்பில் பெயர்ப்பலகையும் வைத்துவிட்டால் அந்த வீதியே அணைக்கட்டாகிவிடும். இப்படியான வீதிகளை எங்கட ஊர்களில் யாரும் தேடிப்போய்ப் பார்க்கத் தேவையில்லை.

சபையின் அலட்சியமே அனர்த்தமாக மாறுவதும் உண்டு. 2017 ஏப்ரல் 14இல் கொலன்னாவை மீதொட்டமுல்லையில் கொழும்பு நகரத்துக் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். குப்பை அகற்றல் உள்ளூராட்சியின் மிகப் பழைய கடமை.

கடற்கோளும் கைமாறாத வீடுகளும்

2004இல் நாவலடி, டச்பார், கல்லடி, பூநொச்சிமுனை என்று மட்டக்களப்புக் கரை முழுவதும் அடிபட்டது. தெற்கே மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று இன்னும் பெரிய அழிவு. இலங்கையில் இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் சேர்த்து 35,000 பேர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000ஐத் தாண்டும். முதல் நாட்களில் பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளுமே முகாம்களாயின. சோறாக்கிக் கொடுத்தது அக்கம்பக்கத்துச் சனம்.

பின்னர் பணம் வந்தது, இந்த நாடு அதற்குமுன் காணாத அளவில். பணத்தோடு தடைகளும் வந்தன. வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர் என்றார்கள். சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் 200 மீற்றரை விட்டால் மிச்சம் நிலம் ஏது? நாவலடி மக்கள் திராய்மடுவுக்குப் போனார்கள். கடலில் தொழில் செய்தவர்களுக்குக் கடல் தூரமாயிற்று.

2005 ஜூன் 24இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக் கட்டமைப்பில் முஸ்லிம்களுக்கு ஆசனம் இருந்தது, ஆனால் கையெழுத்திடும் தரப்பு என்ற இடம் இல்லை. அழிவில் பெரும்பங்கு சுமந்த சமூகத்தைக் கலந்தாலோசிக்காமல் செய்த ஒப்பந்தம் என்பது நம் தரப்பின் முறைப்பாடு. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. பிறகு அது எழும்பவேயில்லை.

வீண்செலவுக்கு நம் பகுதியில் ஒரு சாட்சி காட்டச் சொன்னால் நான் அக்கரைப்பற்றையடுத்த நுரைச்சோலையைத்தான் காட்டுவேன். சுனாமியில் வீடிழந்த முஸ்லிம்களுக்கென்று சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை எல்லாம் எழும்பின. எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது. நாட்டின் இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கட்டி முடித்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் குடியேற ஆளில்லாமல் சுவர்கள் வெடித்து, கதவு நிலை களவுபோய், காடு மண்டிக் கிடந்தன. வேலை நடந்தது, காசும் முடிந்தது. வீடிழந்தவர் வாடகை வீட்டில் மூப்படைந்தார். இது உள்ளூராட்சிச் செலவல்ல என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. யாருக்கு வீடு, எந்த நிலத்தில், எந்தப் பட்டியலின்படி என்பதைத் தொடக்கத்திலேயே ஊரிலுள்ள மூவின மக்களோடும் பேசித் தீர்க்கக்கூடிய அதிகாரமுள்ள மன்றம் ஒன்று இங்கே இருக்கவில்லை.

சட்டம் விட்ட இடைவெளி

கடற்கோளுக்குப் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் தேசிய சபைக்கு ஜனாதிபதி தலைவர். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், அமைச்சர்களோடு மாகாண முதலமைச்சர்களும் அதில் உண்டு. மேயருக்கும் தவிசாளருக்கும் அங்கே ஆசனமில்லை. மாவட்டத்தில் வேலை மாவட்டச் செயலாளரோடு, கீழே பிரதேச செயலாளரோடு. 1947இல் கண்ட பிரிவினை புதுச் சட்டத்திலும் தப்பிப் பிழைத்துவிட்டது.

சபைகள் மட்டும் பெருத்தன. 2018 பெப்ரவரித் தேர்தலில் புதிய கலப்பு முறை வந்ததும் நாட்டின் 341 மன்றங்களில் உறுப்பினர் தொகை சுமார் 4,500இலிருந்து 8,000க்கு மேல் ஏறியது. கொடுப்பனவும் கூட்டச் செலவும் அதற்கேற்ப ஏறின. வடிகான் அதற்கேற்ப நீளவில்லை.

சபைகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். சிறிய பிரதேச சபைக்குச் சோலைவரியால் வரும் வருமானம் சொற்பம். சந்தைக் குத்தகையும் அனுமதிக் கட்டணமும்தான் மிச்சம். நான்கு வருடத்தில் திரும்ப வாக்குக் கேட்டு வருகிறவருக்கு மண்ணுக்குள் போகும் குழாயைவிட வாசலில் நிற்கும் வளைவு உதவும். நாமும் வளைவைப் பார்த்துத்தான் "வேலை செய்றான்" என்கிறோம். வளைவு கேட்டு மனுக் கொடுத்த ஊர்கள் உண்டு. கான் கேட்டு நோன்பிருந்த ஊர் உண்டா?

வெளியே பார்த்தால்

வங்காள விரிகுடாவின் மறுகரையில் நம்மைவிட ஏழையாக இருந்த வங்கதேசம் என்ன செய்தது? 1970 போலா சூறாவளியில் 3 இலட்சத்துக்குக் குறையாமல் இறந்தார்கள். 1991இல் ஏறத்தாழ 1,38,000 பேர். 2007இல் வந்த சிடர் சூறாவளியில் இறப்பு சுமார் 3,400. இடையில் அவர்கள் கரையோரம் முழுவதும் தூண்மேல் நிற்கும் அடைக்கல மண்டபங்களைக் கட்டினார்கள். பலவும் மற்ற நாட்களில் பாடசாலைகள். ஊருக்கு ஊர் எச்சரிக்கைத் தொண்டர்களைப் பழக்கினார்கள். கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தின்கீழ் மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொன்றுக்கு மேல் உள்ளூராட்சிக்கு விட்டது. 2018 வெள்ளத்தில் பஞ்சாயத்துகளே முகாம்களைத் தாங்கின. 2020இல் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தனக்கென அனர்த்தத் திட்டம் எழுதியது.

நம் வரலாற்றிலும் முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி 18இல் ஹிஜாஸைப் பஞ்சம் பிடித்தது. 'ஆமுர் ரமாதா', சாம்பல் ஆண்டு என்று அதற்குப் பெயர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) உள்ளிட்ட ஆளுநர்களுக்கு எழுதித் தானியம் வரவழைத்தார்கள். ஸகாத் வசூலை அந்த வருடம் தள்ளிவைத்தார்கள். சனங்களுக்குக் கிடைக்கும்வரை தாமும் நெய்யைத் தொடவில்லை. முதலிரண்டையும் எந்த அரசும் செய்யக்கூடும். மூன்றாவதுதான் நம் சபைகளுக்கு உறைக்க வேண்டியது: நெருக்கடி வரும்போது முதலில் குறையவேண்டியது ஆள்பவரின் சொந்தச் செலவு.

இந்த வருடம் கேட்கவேண்டியது

பெரிய சீர்திருத்தம் கொழும்பில் நடக்கட்டும். ஊரில் செய்யக்கூடியவை நான்கைந்து உண்டு. சபையின் சொந்த வருமானத்தில் ஒரு நிலையான பங்கு அனர்த்தத்துக்கென ஒதுங்க வேண்டும். அந்த வருடம் வெள்ளம் வராவிட்டால் விழாச் செலவுக்குத் திரும்பாமல் அடுத்த வருடத்துக்கு ஏற வேண்டும். செப்டம்பர், ஒக்டோபருக்குள் கான்களும் மதகுகளும் துப்புரவாக வேண்டும். வீதி போடுமுன் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று எழுதிக் காட்ட வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளின் பட்டியல் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஆலய பரிபாலன சபையிடமும் தேவாலயத்திடமும் சபையிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அமிர்தகழியில் ஏறும் தண்ணீரும் காத்தான்குடியில் ஏறும் தண்ணீரும் ஒரே வாவியின் தண்ணீர்.

உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மேல் நமக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. 2025 மே 6இல் தேர்தல் நடந்து சபைகள் திரும்பியிருக்கின்றன. வருடக் கடைசியில் வரவு செலவுத் திட்டம் வரும். வாக்களிக்கும் முன் அதன் பிரதியைப் பார்க்கத் தாருங்கள் என்று உங்கட வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். விழாவுக்கு எவ்வளவு, கானுக்கு எவ்வளவு என்று இரண்டு வரியைத் தேடி, ஜும்ஆவுக்குப் பின் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்த நேரம் வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்.