வெற்றிலைப் பையும் பூதக்கண்ணாடியும்

புற்றுநோய் ஆராய்ச்சி என்பது பெருநகரங்களில் மெத்தப் படித்தோர் சிலர் நடத்தும் காரியமென்றும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லையென்றும் நம்மவர் எண்ணியிருக்கின்றனர். அதன் சரித்திரத்தை நோக்குவோமாயின், அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி உழைப்பாளிகளின் உடலிலிருந்தும் நம்மவர் வாயிலிருந்துமே பிறந்ததென்பது விளங்கும்.

1775இல் லண்டன் வைத்தியர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு விதைப்பையில் புற்று எழுவதைக் கண்டு, இளமை முதல் உடலிற் படிந்த கரியே அதற்குக் காரணமென எழுதினார். 140 ஆண்டுகள் சென்று, 1915இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்னும் இருவர், முயலின் காதில் கரித்தாரை மாதக்கணக்கிற் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். புற்றுக்குக் காரணமுண்டு, அதைத் தேடிக் கண்டு விலக்கவுங்கூடும் என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

நிற்க, நம்மவர் கதைக்கு வருவோம். வெற்றிலை போடுவோருக்கு வாய்ப்புற்று வருவதைப் பற்றி 1902இலேயே சென்னையில் நிப்லாக் என்னும் வைத்தியர் எழுதினார். 1933இல் தென் திருவிதாங்கூர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஐ. எம். ஆர், தாம் கண்டவற்றை லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். 1960இல் மார்ஸ்டன் என்பவர் மலாயாவின் வெற்றிலைப் புற்றைப் பற்றி எழுதினார். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுண்டாக்கும் என்று 1985இலும், புகையிலை சேராவிடினும் பாக்கே அதைச் செய்யும் என்று 2004இலும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் முடிவு கூறிற்று. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே மிகுந்திருப்பதும் ஆராய்ச்சியாளர் அறிந்ததே.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் அச்சேறின. எவர் வாயிலிருந்து இவ்வறிவு எடுக்கப்பட்டதோ, அவருடைய லயன் வாசலுக்கு அது தமிழில் வந்து சேர்ந்ததா? கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது 1929இல். கொழுந்தெடுக்க வந்த நம் பெண்களோடு வெற்றிலைப் பையும் மலையேறிற்று. ஆங்கிலம் கற்றுத் தோட்டத்து ஆபீசில் அமர்ந்திருக்கும் நம்போன்ற கிராணிமார், அந்த அறிவைத் தமிழாக்கிப் பிள்ளைகளின் கையிற் சேர்க்கக் கடமைப்பட்டவர்களாவோம்.

கையில் என்று நாம் சொல்வது வெறும் வார்த்தையன்று. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் சுத்தமான பஞ்சுக்குச்சியால் தன் கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தடவி, அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஒரு துளி மெதிலீன் நீலமிட்டுப் பூதக்கண்ணாடியிற் பார்க்கட்டும். தட்டையான உயிரணுக்களும், அவற்றின் நடுவே நீலப்பொட்டுப் போன்ற உட்கருவும் தெரியும். 1943இல் அமெரிக்காவில் பாப்பனிக்கோலவு என்னும் வைத்தியர், கருப்பை வாயிற் புற்றை முன்னதாகவே அறியும் முறையை விரித்து நூலெழுதியதும் உதிரும் அணுக்களை இவ்வாறு தகட்டில் தேய்த்துப் பார்த்ததன் பயனே. ஒழுங்கான அணு எப்படியிருக்கும் என்று தன் கன்னத்திலேயே கண்ட பிள்ளைக்கு, ஒழுங்கு கெட்டுப் பெருகும் அணுவின் படத்தைக் காட்டினால், பெரிய விளக்கம் வேண்டுவதில்லை.

இச்சோதனையால் நோயைக் கண்டுபிடிக்க இயலாது. அது வைத்தியர் வேலை. ஆனால், பாட்டி வெற்றிலையை அடக்கும் இடமும் இதே கன்னந்தான் என்பதைப் பிள்ளை உணர்வான். இரு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ வாயில் இருந்தால், பல் வைத்தியரிடம் காட்ட வேண்டுமென்று வீட்டில் எடுத்துரைப்பான். பாட்டியைக் கடிந்து பேச அவனுக்குக் கற்பிக்க வேண்டாம். களைப்புக்கும் பசிக்கும் துணையாயிருந்த பொருளை அவள் ஒரு நாளில் விட்டுவிடுவாளென்றும் நாம் எதிர்பார்க்கவில்லை. "எல்லாம் தலையெழுத்து" என்று அவள் சொல்லும்போது, "இல்லை பாட்டி, இதற்குக் காரணமிருக்கிறது, நான் படித்தேன்" என்று சொல்லும் வாய் ஒன்று அந்த வீட்டில் இருக்க வேண்டுமென்பதே நம் ஆசை.

தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் உள்ள பெற்றோரும் உபாத்தியாயர்களும் கூடி, ஒரு பூதக்கண்ணாடிக்கும் ஒரு பிற்பகலுக்கும் வழி செய்வார்களாக.