கழுத்துத் தமனி அறுவையும் அது தந்த பக்கவாதமும்

1805-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில், 44 வயதுப் பெண்ணொருவரின் கழுத்துத் தமனி புடைத்து வீங்கியிருந்தது. ஆஸ்ட்லி கூப்பர் அத்தமனியையே நூலால் கட்டினார். சில நாள்களில் அப்பெண்ணுக்கு எதிர்ப்பக்கம் செயலிழந்தது, பிழைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், மாட்டுக்கொம்பு கிழித்த கழுத்தில் ஜான் அபெர்னெத்தி இதே தமனியைக் கட்டியபோதும் விளைவு அதுவே. 1808-இல் கூப்பர் மீண்டும் முயன்றார். அந்நோயாளி 13 ஆண்டுகள் வாழ்ந்தார். மூளையின் அடியில் தமனிகளை இணைக்கும் வளையம் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. யாருக்கு அமைந்திருக்கிறது என்று முன்னறிய வழியில்லாத காலத்தில், அறுவைக்குப் பின் வந்த பக்கவாதத்துக்குச் செய்யக்கூடியது ஏதுமில்லை.

1950-களில் நோக்கம் தலைகீழானது. தமனியைக் கட்டுவதற்கு மாறாக, அதன் அடைப்பை நீக்கிப் பக்கவாதத்தைத் தடுக்க முனைந்தனர். புவெனஸ் ஐரிஸில் 1951-இல் கரேயா, ஹூஸ்டனில் 1953-இல் டிபேக்கி, இலண்டனில் 1954-இல் ஈஸ்ட்காட் குழுவினர் என ‘முதல்வர் யார்’ என்ற வழக்கிலேயே வரலாற்றாசிரியர் பலர் பொழுதைப் போக்குகின்றனர். ஈஸ்ட்காட் குழுவினர் நோயாளியின் உடலைக் குளிர்வித்தே தமனியைத் திறந்தனர் என்பதே அதைவிடக் கவனத்திற்குரியது. குருதி நிற்கும் நிமிடங்களை மூளை தாங்குமா என்ற அச்சம் அதில் தெரிகிறது.

அச்சம் வீணன்று. 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறியுடன் 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகிய தமனி உடையோரிடம், அதே பக்கப் பக்கவாதம் ஈராண்டில் 26 விழுக்காட்டிலிருந்து 9 ஆகக் குறைந்தது. ஆயினும் அறுவை செய்துகொண்டோருள் 5.8 விழுக்காட்டினர் முதல் மாதத்திலேயே பக்கவாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளாயினர். தடுக்க வந்த நோயையே சிலருக்குத் தந்த சிகிச்சை இது. (இந்தியரிடம் மண்டையோட்டுக்குள் உள்ள தமனிகள் குறுகுதலே மிகுதி என்பதால் நம் நாட்டில் இக்கேள்வி சற்றே பின்தள்ளப்பட்டது.)

காரணம் புரிந்த பின்னரே சிகிச்சை பிறந்தது. படிவை உரித்தெடுத்த உட்பரப்பு பச்சைப் புண் போன்றது. இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டி, உறைகட்டி உருவாகும். மயக்கம் தெளியும்போதோ முதற்சில மணி நேரத்திலோ கை விழுந்தால் இதுவே முதல் ஐயம். படம் எடுக்கக் காத்திராமல் கழுத்தை மீண்டும் திறந்து கட்டியை அகற்றுவர். உறைகரைப்பு ஊசி இங்கு ஆபத்து. புதிய காயத்திலிருந்து குருதி பெருகும். கட்டி மூளைத் தமனிக்குள் சென்றிருந்தால், 2015-க்குப் பின் வழக்கத்துக்கு வந்த, வடிகுழாய் வழியே அதை இழுத்தெடுக்கும் முறை உதவக்கூடும்.

சில நாள் கழித்துத் தலைவலி, வலிப்பு, உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் செயலிழப்போ வேறுவகை. நெடுநாள் பட்டினி கிடந்த மூளைக்குள் திடீரெனக் குருதி பாய்வதன் விளைவு அது, கசிவும் நேரலாம். அங்கே முதலில் படம். அழுத்தத்தைக் குறைப்பதே சிகிச்சை. தோற்றம் ஒன்றே, மருத்துவம் எதிரெதிர்.

ஆகவே பலர் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளியை விழிப்பிலேயே வைத்து அறுவை செய்கின்றனர். கையில் பீப்பீ எனக் கத்தும் ரப்பர் பொம்மை ஒன்று. முழு மயக்கம் தரும் இடங்களில், நோயாளி கண்விழித்து, பேசி, இரு கைகளையும் தூக்கிக் காட்டும்வரை கருவித் தட்டைக் கலைப்பதில்லை.