தோட்ட பங்களா வெளித் தளபாடங்களின் பாதுகாப்பு (சப்ரகமுவ)

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் உள்ள தேயிலை, இறப்பர் தோட்டங்களில், துரை பங்களாவின் விறாந்தையிலும் முற்றத்திலும் கதிரை, மேசை, வாங்கு, ஊஞ்சல், மெத்தை எனப் பலவகைத் தளபாடங்கள் போடப்படுகின்றன. அவற்றை மழை, ஈரம், வெயில், பூச்சி ஆகியவற்றிலிருந்து காக்கும் முறைகள் இங்கு தொகுத்துத் தரப்படுகின்றன. பழைய பங்களாக்கள் சில இன்று விருந்தினர் விடுதிகளாக இயங்குகின்றன; வேறு சில நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. ஆகவே விறாந்தைச் சாமான்கள் குடியிருப்பவரின் வசதிக்காக மட்டுமல்லாமல், வருபவரின் கண்ணில் முதலில் படும் அலங்காரமாகவும் வைக்கப்படுகின்றன. மழை அதிகமான இந்தப் பகுதியில், நனைந்த பொருள் காய வழியில்லாமல் கிடப்பதே பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

பின்னணி

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்த பிறகு இலங்கைத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1876இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு இறப்பர் நாற்றுகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பயிர் களனி ஆற்றுப் பள்ளத்தாக்கில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பகுதிகளில் வேகமாகப் பரவியது. இரத்தினபுரிப் பக்கத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை ஆகிய இடங்களில் தேயிலையும் இறப்பரும் வளர்ந்தன.

வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கட்டப்பட்ட பங்களாக்கள் பெரும்பாலும் மேட்டில், சரிவைப் பார்த்தபடி, அகன்ற விறாந்தையும் நீண்ட கூரை இறக்கமும் கொண்டவை. விறாந்தைக்கே உரியது சாய்மனைக் கதிரை. நீண்ட கைகளும் பிரம்பு பின்னிய சாய்வும் கொண்ட இதைச் சிங்களத்தில் 'ஹான்சி புட்டுவ' என்பர். பங்களாச் சாமான் தோட்டத்துக்குச் சொந்தம். துரை மாறிப் போனாலும் கதிரை அங்கேயே இருக்கும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. இத்தனை கை மாறிய பிறகும் பல பங்களாக்களில் பழைய பலா, தேக்குச் சாமான்கள் பாவனையில் உள்ளன.

காலநிலை

இரத்தினபுரி நகரில் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகம். மேற்குச் சரிவுகளில் சில இடங்களில் அது இன்னும் கூடுதல். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை பெய்கிறது. பருவங்களுக்கு இடைப்பட்ட மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேரங்களில் இடியோடு மழை கொட்டும். ஓரளவு வறண்ட மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும்தான்.

ஆனால் மாகாணம் முழுதும் ஒரே மாதிரியில்லை. இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கிழக்கில் உள்ள எம்பிலிப்பிட்டிய உலர் வலயத்தைச் சேர்ந்தது. அங்கு மரம் வெயிலில் வெடிப்பதே பெரிய தொல்லை. பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாச் சரிவுகளில் தென்மேற்குப் பருவத்தில் பலத்த காற்று வீசுவதால், பாரமில்லாத கதிரைகளும் குடைகளும் தூக்கி எறியப்படும். கேகாலையின் இறப்பர்க் காட்டுப் பள்ளங்களில் காற்றோட்டம் குறைவு. அங்கு காலை பத்து மணிக்கும் விறாந்தைத் தரை ஈரமாகவே இருக்கும்.

சேதம் உண்டாகும் விதம்

மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால், மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒரே மழையில் நன்றாக நனைந்த கதிரை இரண்டு நாளில் காய்ந்துவிட்டால் பாதிப்பு சிறிது. தண்ணீர் தங்கும் இடங்களில்தான் சேதம் தொடங்குகிறது. கதிரைக் கால்களின் அடிமுனை, இரண்டு மரங்கள் பொருந்தும் மூட்டு, ஆணி இறங்கிய துளை, பிரம்பு நுழையும் ஓட்டை ஆகியவை அத்தகைய இடங்கள். கால்களின் அடிமுனையில் மரத்தின் நாளங்கள் திறந்திருப்பதால் ஈரத் தரையிலிருந்து தண்ணீர் மேலே உறிஞ்சப்படும். சாய்மனைக் கதிரையொன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் இது தெரியும்: கைகளும் முதுகும் பளபளவென்றிருக்க, பின்கால்களின் கடைசி இரண்டு அங்குலம் கறுத்து, நகத்தால் கீறினாலே நார் நாராக உரியும்.

கறையான் மண்ணிலிருந்து சுவரோரமாகவோ தூண் வழியாகவோ மண்குழாய் கட்டி ஏறுகிறது. காய்ந்த மரத்தைத் துளைக்கும் வண்டுகள் வேறு வகை. கதிரைக்கு அடியில் மா போன்ற தூள் கொட்டியிருந்தால் அது அவற்றின் வேலை. குரங்குகள் மெத்தையைக் கிழித்துப் பஞ்சை இழுத்துப் போடும். கூரைக்குள் குடியிருக்கும் மரநாயின் கழிவுகளும் கறை ஏற்படுத்தும்.

பொருள்களும் அவற்றின் இயல்பும்

தேக்கு: இயற்கையான எண்ணெய்ப் பசை உள்ளதால் வெளியில் வைக்க மிக ஏற்ற மரம். எண்ணெய் பூசாமல் விட்டால் வெள்ளி போன்ற சாம்பல் நிறமாகும். அதனால் உறுதி குறையாது.

பலா: வைர மரம் கறையானுக்கு எளிதில் இடம் கொடாது. புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சத்தில் நாளடைவில் கபிலமாகிறது. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு சீக்கிரம் உக்கும். பலாவை வெட்டுவது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே பழைய பலாச் சாமானைப் பழுதுபார்த்து வைத்திருப்பதே சிக்கனம்.

இறப்பர் மரம்: மாச்சத்து மிகுந்ததால் வண்டும் நீலப் பூஞ்சணமும் விரைவில் பிடிக்கும். அரிந்தவுடன் போரன் உப்புக் கரைசல் ஏற்றிச் சூளையில் உலர்த்துவார்கள். அந்த உப்பு மழையில் கரைந்து போகும். தோட்டத்து மரம்தானே என்று அதில் செய்த மேசையை முற்றத்தில் போடக்கூடாது. உள்ளறைக்கே அது பொருந்தும்.

பிரம்பு: வெளித்தோல் தண்ணீரை ஓரளவு தடுக்கும். பிளந்து பின்னிய பிரம்பு ஈரத்தில் தொய்ந்து, பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். கூரைக்குக் கீழ், சாரல் படாத உள்வரிசையே அதற்குரிய இடம். கொழும்பு–கண்டி வீதியில் வரக்காப்பொலைக்குச் சற்று முன்னுள்ள வேவல்தெனிய பிரம்பு வேலைக்குப் பேர்போனது.

இரும்பு, அலுமினியம்: ஈரக் காற்றே இரும்பில் துருப்பிடிக்கப் போதும். நாகப் பூச்சு ஏற்றிய இரும்பு நீண்டகாலம் உழைக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் இரும்பு ஆணி போட்டு இணைத்தால் ஆணியைச் சுற்றி அரிப்பு உண்டாகும்.

பிளாஸ்டிக்: லயத்து இஸ்தோப்பிலும் பங்களா முற்றத்திலும் ஒருங்கே காணப்படுவது வார்ப்புப் பிளாஸ்டிக் கதிரை. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. வெயிலின் புறஊதாக் கதிர்தான் அதன் எதிரி. மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறித் தூள் ஒட்டத் தொடங்கினால், கால்கள் திடீரென முறியும் நிலைக்கு வந்துவிட்டன என்று பொருள்.

மெத்தை: பருத்தித் துணியில் கரும்புள்ளி முதலில் தோன்றுவது தையலோரத்தில், மெத்தையைத் திருப்பிப் பார்க்காதவர் கண்ணில் அது படாது. இறப்பர்ப் பாலில் செய்த மெத்தை வெயிலில் காய்ந்தால் மஞ்சளித்துப் பொடிந்துவிடும். அதை நிழலில் காற்றாட வைக்க வேண்டும்.

பாதுகாக்கும் முறைகள்

முதல் விதி இடம். கூரை விளிம்பிலிருந்து ஒரு மீற்றராவது உள்ளே தள்ளிப் போட்டால் சாரல் பெருமளவு தவிரும். இரண்டாவது விதி கால்களை உயர்த்துவது. கல், பித்தளை, கடின இறப்பர் ஆகியவற்றில் ஒன்றாலான தட்டைக் கால்களுக்கு அடியில் வைத்தால் தரை ஈரம் ஏறாது. அடிமுனையில் மெழுகோ தடித்த வார்னிஷோ ஊறவிடுவது பயன் தரும்.

மூன்றாவது, மூடுதல். தார்ப்பாயைக் கதிரையோடு இறுகச் சுற்றிக் கட்டுவதே வழக்கத்தில் அதிகம் காணப்படும் பிழை. உள்ளே அடைபட்ட ஈரம் இரவுக் குளிரில் தார்ப்பாயின் உட்புறம் துளித் துளியாகப் படிந்து மரத்தின் மேலேயே வடியும். நடுவில் ஒரு கம்போ கவிழ்த்த வாளியோ வைத்துக் கூடாரம்போல் உயர்த்தி, கீழ்விளிம்பைத் தரைக்கு ஒரு சாண் மேலே விட்டுக் கட்டினால் காற்று புகுந்து போகும். மழை விட்ட நேரத்தில் உறையை நீக்கி வைக்க வேண்டும்.

நான்காவது, பூச்சு. எண்ணெய், வார்னிஷ், பெயின்ட் எதுவாயினும் ஜனவரி–பெப்ரவரியில் மரம் நன்றாகக் காய்ந்த பின் பூச வேண்டும். ஈர மரத்தின் மேல் பூசிய வார்னிஷ் கொப்பளித்து உரியும். ஆளி விதை எண்ணெய் மட்டும் பூசினால் பூஞ்சணத்துக்கு அதுவே உணவாகும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிட்டு, அதன்பிறகே எறிய வேண்டும். இரும்பில் துருவைச் சுரண்டித் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சுக்கு மேல் பெயின்ட் அடிக்க வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த மரத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் மெல்லிய தூரிகையால் கழுவி, துடைத்து, காற்றில் உலர்த்த வேண்டும். வினாகிரியும் உதவும். வெளிற்றும் திரவத்தை வினாகிரியோடோ அமோனியா கலந்த பொருளோடோ சேர்க்கக்கூடாது, நச்சுவாயு உண்டாகும். உலர்ந்த பூஞ்சணத்தைத் தட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

கறையானுக்குப் பொதுவான காப்பு, தளபாடத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்து, வாரம் ஒருமுறை பின்புறம் பார்ப்பது. மண்குழாயை உடைத்துவிட்டால் மட்டும் போதாது. அது புறப்படும் இடத்தைக் கண்டு மருந்திட வேண்டும்.

விருந்தினர் பங்களாக்களில்

வாடகைக்கு விடும் பங்களாவில் ஆள் வரும் நாளும் வராத நாளும் மாறி மாறி வருகின்றன. ஆளில்லாத நாட்களில்தான் சாமான் பழுதாகிறது. மெத்தைகளை ஆள் வரும்போது மட்டும் போட்டு, மற்ற நேரத்தில் காற்றோட்டமுள்ள உள்ளறையில் நிறுத்தி வைப்பது எளிய வழி. பிளாஸ்டிக் பையில் கட்டி அலுமாரியில் பூட்டினால் பூஞ்சணத்துக்கு இடம் அமைத்துக் கொடுத்ததாகும். பழைய சாய்மனைக் கதிரையை விறாந்தையின் உட்பக்கத்திலும், நனைந்தாலும் பாதகமில்லாத தேக்கு, அலுமினியச் சாமானை முற்றத்திலும் என்று பிரித்துப் போட்டால், பார்வைக்கும் குறைவில்லை. பழைய பொருளும் தப்பும். பிரம்பு தொய்ந்த கதிரையை எறிய வேண்டியதில்லை. சட்டம் உறுதியாக இருந்தால் பிரம்பு வேலைக்காரர் புதிதாகப் பின்னித் தருவார்.

நுளம்பும் சுகாதாரமும்

எறும்பும் கறையானும் ஏறாமல் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பழைய வழக்கம். இன்று அது ஆபத்தானது. டெங்கு நுளம்பு தெளிந்த நீர் தேங்கிய சிறு கிண்ணத்திலும் முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ போதும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது குற்றம். ஆகவே கிண்ணத்துக்குப் பதிலாகக் கிரீஸ் பூசிய தட்டு வைக்கலாம். தார்ப்பாயின் பள்ளம், கவிழ்க்காத பிளாஸ்டிக் கதிரையின் குழிவு, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரை மழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் கொட்டிவிட வேண்டும்.

வெள்ளமும் மண்சரிவும்

களு கங்கை பெருகி 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. பருவமழை தொடங்குமுன் பாரமான வாங்குகளையும் மேசைகளையும் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் குறுக்கே நில்லாதவாறு ஒதுக்கி வைப்பது அவசியம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வெளியிடுகிறது. சிவப்பு அறிவித்தல் வந்துவிட்டால் எந்தச் சாமானையும் எடுத்து வைக்க நேரம் செலவிடாமல், ஆட்கள் உடனே வெளியேற வேண்டும்.