ஆக்சலோட்டல்: முட்டையா, குட்டியா?

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் 2021ஆம் ஆண்டு ஆக்சலோட்டல் சேர்க்கப்பட்டதிலிருந்து, அதை வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. தலையின் இரு புறமும் இறகு போல விரிந்த செவுள்கள், எந்நேரமும் சிரிப்பது போன்ற வாய். பார்ப்பவர்கள் மீன் என்கிறார்கள். உண்மையில் இது தவளையைப் போல நீர்நில வாழ் உயிரினம். ஆனால் கரையேறாது, வளர்ந்த பிறகும் செவுளோடு தண்ணீரிலேயே வாழும். நன்றாகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை இருக்கும்.

முட்டை வாங்கிப் பொரிக்க வைப்பதா, வளர்ந்த குட்டியாக வாங்குவதா என்பதற்கு முன்னால் தண்ணீரின் சூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இதன் பூர்வீகம் மெக்சிகோ நகரின் சொச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ளது. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவே ஏறத்தாழ 1,400 மீட்டர்தான். ஆக்சலோட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் ஏற்றது. 24 டிகிரியைத் தாண்டினால் தீனி எடுக்காது, பூஞ்சை பிடிக்கும். நம் வீட்டுத் தொட்டித் தண்ணீரோ சாதாரணமாகவே 28 டிகிரிக்கு மேல். மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், அவ்வளவுதான். ஐஸ் போத்தல் போட்டால் சூடு ஏறி இறங்கி உயிரை வதைக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்துக்கும் அதன் மின்கட்டணத்துக்கும் தயாரில்லை என்றால் இரண்டுமே வேண்டாம்.

ஒரு பெண் ஆக்சலோட்டல் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரம் முட்டை வரை இடும். அதனால்தான் முட்டை மலிவு. பொரிப்பதும் சிரமமில்லை. குளிர்ந்த சுத்தமான நீரில், வெளுத்துக் கெட்டவற்றை எடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு வெளிவரும்.

தொல்லை அதற்குப் பிறகுதான். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள குஞ்சு, கண் முன் அசையும் உயிருள்ள தீனியை மட்டுமே தின்னும். உப்புநீரில் காற்று விட்டு ஆர்ட்டீமியா எனும் பொடி இறாலைத் தினமும் புதிதாகப் பொரிக்க வேண்டும். பொரிய ஒரு நாள் ஆகும். அதை அலசித் தினம் இரண்டு வேளை போட வேண்டும். எஞ்சியது அழுகிவிடும் என்பதால் தண்ணீரையும் அன்றாடம் மாற்ற வேண்டும். இது பல வாரம் நடக்கும் வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டுமானால் யாரிடம் ஒப்படைப்பது? முன்கால் முளைக்கும் பருவத்தில் ஒன்றின் காலை ஒன்று கடிக்கத் தொடங்கும். கால் திரும்ப வளரும் என்றாலும் காயத்தில் பல இறந்துபோகும். தனித்தனிக் கிண்ணங்களில் பிரித்து வைப்பவர்களும் நிறைய இழக்கிறார்கள்.

எனவே முதல் முறை வளர்ப்பவருக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் குட்டி ஒன்றே சரி. நான்கு கால், நிறைந்த செவுள், கடைக்காரர் போடும் தீனியைக் கண் முன்னே தின்பது, இம்மூன்றையும் பாருங்கள். தொட்டியை ஒரு மாதத்திற்கு முன்பே ஓடவிட்டுப் பழக்க வேண்டும். குழாய் நீரில் குளோரின் நீக்கும் மருந்து கலக்க வேண்டும். கூழாங்கல் போடாதீர்கள், விழுங்கிவிடும். மண்புழு நல்ல தீனி. ஆனால் களைக்கொல்லி அடித்த தோட்டத்து மண்ணில் தோண்டி எடுத்தது ஆகாது.

முட்டைக்கு ஆசைப்படுபவர், குளிர்ந்த தொட்டியும் அன்றாட நேரமும் உள்ளவராக இருந்து பத்து முட்டையோடு தொடங்கலாம். சொந்தத் தொட்டியில் இட்ட மிகுதி முட்டைகளை, கரு வளருமுன் உறைய வைத்து அழிப்பதே வளர்ப்பாளர்களின் வழக்கம். ஆற்றிலோ கால்வாயிலோ விடக்கூடாது.

ஆக்சலோட்டல் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஆகவே எங்கே பெருக்கப்பட்டது என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் பெர்ஹிலித்தானிடம் விசாரிக்கலாம். சிங்கப்பூரில் வீட்டில் வைத்திருக்கக்கூடிய பிராணிகளுக்குத் தனிப் பட்டியலே உண்டு. முதலில் அதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். ஜொகூரில் வாங்கி, அனுமதி இல்லாமல் பாலம் கடந்து கொண்டு போவது குற்றம்.