மூடியிலிருந்து முள்வரை

ஈரத்தட்டுக் காலத்துப் புகைப்படக்காரர்கள் பலருக்கு லென்ஸ் மூடிதான் ஷட்டர். மூடியைக் கழற்றி, வாய்க்குள் நொடிகளை எண்ணி, மறுபடி மாட்டிவிடுவார்கள். வெயில் மங்கினால் எண்ணிக்கை கூடும். நுழையும் ஒளியை மட்டுப்படுத்த 1858-இல் ஜான் வாட்டர்ஹவுஸ் சொன்ன வழி எளியது: வெவ்வேறு அளவில் துளையிட்ட பித்தளைத் தகடுகள். லென்ஸ் குழலில் உள்ள பிளவில் வேண்டியதைச் செருகினால் போதும். தகடு தொலைந்தால் திண்டாட்டம்தான். விரிந்து சுருங்கும் இதழ்த்துளை பிற்பாடு அவற்றை ஓரங்கட்டியது.

1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தட்டை அறிவித்தார். மற்றவர்கள் அதை மேம்படுத்தி வேகம் கூட்டக் கூட, நொடியின் சிறு பங்கைக் கையால் அளக்க முடியாமல் போனது. இயந்திர ஷட்டர் கட்டாயமானது அப்போதுதான்.

துளையின் எண் இன்றும் குழப்புவது. எண் பெரிதானால் துளை சிறிது: 50 மி.மீ. லென்ஸில் எஃப் 8 என்றால் விட்டம் 6.25 மி.மீ. எஃப் 11-க்குத் திருப்பினால் ஒளி பாதியாகும். ஷட்டரை 1/250-லிருந்து 1/125-க்கு இறக்கினால் இழந்தது திரும்பிவிடும்.

1932-இல் வெஸ்டன் ஒளிமானி வந்த பின்பும் பலர் மனக்கணக்கையே நம்பினர்: சுள்ளென்ற வெயிலா, 100 வேக ஃபிலிமா, எஃப் 16, 1/125. 1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், லென்ஸ் வழியே வரும் ஒளியையே அளந்தது. பார்வைச் சாளரத்தின் ஓரத்தில் முள் நடுவில் நின்றால் அளவு சரி.